ஓடத் தெரிந்த மோட்டார்

எங்கள் வீட்டுப் பின்வாசல் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவர் ஒவ்வொரு வருஷமும் அதைப் பூசி அடைக்கப் பார்ப்பார். என் மனைவி விடமாட்டாள். "அது அப்படியே இருக்கட்டுங்க. ஒறம்பரை வந்தா காட்டோணும்" என்பாள். சொன்னபடியே காட்டுவாள். காபி டம்ளர் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டதும் ஊர்வலம் பின்வாசலுக்குக் கிளம்பும். அந்த நேரம் பார்த்து எனக்குக் கடையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

பள்ளத்தைப் போட்டது ஆறு அங்குலச் சாணைக்கல். கல்லைச் சுற்றியது பழைய வெட் கிரைண்டர் மோட்டார். மோட்டாரைச் சுற்ற வைத்தது, கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுகிற நான்.

கோயம்புத்தூர்க்காரனாகப் பிறந்தால் ஒரு வியாதி கூடவே பிறக்கும். ஓடுகிற மோட்டாரைக் காயலான்கடைக்குப் போட மனசு வராது. பம்பு செட்டும் மில்லும் லேத்துப் பட்டறையுமாக வளர்ந்த ஊர். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறோம். போதாக்குறைக்கு ஜி.டி. நாயுடு வேறு. பள்ளிக்கூடத்தோடு ஒத்துப்போகாதவர், ஓட்டலில் சர்வராக நின்று காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்தார் என்ற கதையைச் சின்ன வயசில் கேட்காத கோவைப் பையன் கிடையாது. அந்தக் கதையில் 'கழற்றினார்' வரைக்கும்தான் நாங்கள் காது கொடுப்போம். திரும்ப மாட்டினார் என்பது அடுத்த வரியில் வரும். அதற்குள் எழுந்து போயிருப்போம்.

வீட்டுக்கு டேபிள் டாப் கிரைண்டர் வந்ததும் பழைய பெரிய கிரைண்டர் ஓய்வு பெற்றது. கல்லைச் செடிக்குத் தொட்டியாக்கினோம். மோட்டார் மட்டும் மிஞ்சியது. அரைக் குதிரைசக்தி, நிமிடத்துக்கு 1,440 சுற்று என்று தகட்டில் போட்டிருந்தது. பதினைந்து வருஷம் மாவரைத்தும் பேரிங்கில் சத்தம் இல்லை. கடையில் சாணை மெஷின், பெஞ்ச் கிரைண்டர் என்பார்கள், அப்போது 2,500 ரூபாய் சொன்னார்கள். 'அதுக்குள்ள என்ன இருக்குது? ஒரு மோட்டார், ரெண்டு கல்லு. மோட்டார் நம்மகிட்ட இருக்குது' என்று கணக்குப் போட்டேன். வங்கியில் இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மோட்டார் சாஃப்ட்டில் கல்லை மாட்ட ஒரு துணைச் சாஃப்ட் வேண்டும். கணபதியில் தெரிந்த லேத்துக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவேன். அளவைக் குறித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், எந்தப் பக்கம் சுத்துதுங்க?"

"முன்பக்கமாத்தானுங்கண்ணா" என்றேன். முன்பக்கம் என்றால் எது என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவருக்கு அன்று வேலை அதிகம், எனக்கு அன்று சந்தோஷம் அதிகம்.

கல்லை வாங்கி வந்ததும் முதல் வேலையாக, அதன் இரண்டு பக்கமும் நடுவில் வட்டமாக ஒட்டியிருந்த தடித்த காகிதத்தைத் தேங்காயெண்ணெய் தடவி, பிளேடால் சுரண்டி எடுத்தேன். கம்பெனிக்காரன் விளம்பரத்தை நான் எதற்குச் சுற்ற வேண்டும்? அந்தக் காகிதம் விளம்பரம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இரும்பு வாஷருக்கும் கல்லுக்கும் நடுவே அது மெத்தை. நட்டை முடுக்கும்போது அழுத்தம் ஒரே இடத்தில் விழுந்து கல் விரிசல் விடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். கல் அதிகபட்சம் எத்தனை சுற்று தாங்கும் என்பதையும் அதில்தான் அச்சடித்திருந்தார்கள். மெத்தையையும் ஜாதகத்தையும் ஒரே பிளேடில் கிழித்துப் போட்டுவிட்டு, கல் பளிச்சென்று இருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

மோட்டாரைப் பின்வாசல் ஓரமாகத் தரையில் சிமெண்ட் போட்டுப் பதித்தேன். ஆடக் கூடாது பாருங்கள்.

முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது அரிவாள் தீட்டினேன். இரண்டாம் தடவை அரிவாள்மனை. பக்கத்து வீட்டம்மாவின் கத்திக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு மூன்றாம் தடவை போட்டேன். நட் தானாகக் கழன்று நுனிக்கு வந்து கீழே விழுந்தது. பின்னாலேயே கல்லும் நகர்ந்து வந்தது. தரையைத் தொட்டதும் அதற்கு உயிர் வந்துவிட்டது. என் வலது முழங்காலுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவிலிருந்த ஒரு முழ இடைவெளியில் புகுந்து, முற்றத்தைத் தாண்டி, எதிர்ச் சுவரில் மோதி மூன்று துண்டானது. நான் கையில் கத்தியோடு குத்த வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து, "சத்தமே காணோம், தீட்டியாச்சுங்களா?" என்று குரல் வந்தது.

அன்று ராத்திரி கணக்குப் பார்த்தேன். எனக்கு வரும் ஒரே வித்தை. ஆறு அங்குலக் கல்லின் சுற்றளவு ஏறக்குறைய 48 சென்டிமீட்டர். அதை 1,440-ஆல் பெருக்கி, அறுபதாலும் பெருக்கினால் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அதாவது ஒரு டிவிஎஸ் மொபெட் என் முழங்காலை ஒட்டிப் போயிருக்கிறது, ஓட்டுகிற ஆள் இல்லாமல். இதுவும் மெதுவான மோட்டார் என்பதால்தான். கட்டட வேலையில் கையில் பிடித்துக் கம்பி அறுக்கிறார்களே, அந்த நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். அதன் வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதிலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டால் சுவரைக் காட்டிச் சிரிக்க ஒறம்பரைக்கு நேரம் இருக்காது.

லேத்துக்கார அண்ணன் நேரில் வந்து பார்த்தார். உடைந்த துண்டைப் பார்க்கவில்லை. சாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் சுத்துனா இடமரை போட்டிருக்கோணுமுங்க சார். நான் வலமரை போட்டுக் குடுத்துட்டனுங்க. நீங்க முன்பக்கம்னீங்க."

விஷயம் இதுதான். மோட்டார் கிளம்பும் கணத்தில் சாஃப்ட் முந்தும், கல் கொஞ்சம் பிந்தும். அந்தப் பிந்தலில் நட் இறுகுகிற மாதிரி மரை போட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் நட்டை நாமே கால் திருகு கழற்றிக்கொடுத்த மாதிரி. அதனால்தான் கடையில் விற்கும் பெஞ்ச் கிரைண்டரில் வலது கல்லுக்கு வலமரையும் இடது கல்லுக்கு இடமரையும் இருக்கும். 'ஒரு மோட்டார், ரெண்டு கல்லு' என்று நான் இளப்பமாகச் சொன்ன பெட்டிக்குள் இப்படி ஒரு யோசனை உட்கார்ந்திருந்தது.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் புத்திசாலிக்கு ஒரு தோல்வி போதாது. மரையை மாற்றுவதற்குப் பதிலாக மோட்டாரையே எதிர்ப்பக்கம் சுற்ற வைத்துவிடலாமே என்று தோன்றியது. ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் போதும், திசை மாறிவிடும். மாறியது. நட்டும் இறுகியது. ஆனால் அதுவரை என் பக்கம் மேலிருந்து கீழாக இறங்கிய கல் இப்போது கீழிருந்து மேலாக ஏறியது. காலடியில் கொட்டிக்கொண்டிருந்த தீப்பொறி நேராக முகத்துக்கு வந்தது. மறுபக்கம் போய் உட்கார்ந்தால் எல்லாம் சரி. மறுபக்கம் ஒரு சாண் தூரத்தில் சுவர். மோட்டாரைத் திருப்பி வைக்கலாம் என்றால் அது சிமெண்டில் இருக்கிறது. ஆடக் கூடாது பாருங்கள்.

எனவே முகத்தைத் திருப்பிக்கொண்டு தீட்டினேன். அப்படியும் மறுநாள் காலை வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. கண் டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, இரும்புத் துகள் ஒன்று கருவிழியில் ஒட்டியிருக்கிறது, அதைச் சுற்றி துரு வளையமும் கட்டத் தொடங்கிவிட்டது என்றார். ஒரே ராத்திரியில் கண்ணுக்குள் துருப்பிடிக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. சொட்டு மருந்து விட்டு மரத்துப் போக வைத்து, ஊசி முனையால் எடுத்தார்.

"வெல்டிங் வேலைங்களா?"

"இல்லீங்க டாக்டர். பேங்க்ல."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பேங்கில் என்ன தீட்டுகிறோம் என்று யோசித்திருப்பார்.

நடுவில் மிக்சி மோட்டார் ஒன்றும் வந்து போனது. அதைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. பழைய வேட்டியை வட்டமாக வெட்டித் தைத்து மிக்சி மோட்டாரில் மாட்டி, பித்தளைக்குப் பாலிஷ் போட நினைத்தேன். கிரைண்டர் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடும் சாதுவான ஜாதி. மிக்சி மோட்டார் வேறு ஜாதி. சுமை இல்லாமல் விட்டால் நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் என்று ஏறிக்கொண்டே போகும். ஜாரில் தேங்காய் இருப்பதால்தான் அது அடக்கமாக இருக்கிறது. துணி குடைபோல் விரிந்தது, குத்துவிளக்கின் கழுத்தைப் பிடித்தது, என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அது மனைவி வீட்டுச் சீர். இன்றைக்கும் கார்த்திகைக்கு அந்த விளக்கு, யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டுதான் எரிகிறது.

நான் செய்யாமல் விட்டது ஒன்றும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து, மரப்பலகையில் உப்புத் தண்ணீரோ சோடா மாவுத் தண்ணீரோ தடவி, மின்சாரம் பாய்ச்சி, மின்னல் கிளைத்த மாதிரி கோலம் போடுகிறார்கள். மச்சான் பையன் வீடியோ அனுப்பினான், பார்க்கக் கொள்ளை அழகு. அந்த டிரான்ஸ்ஃபார்மர் தருவது இரண்டாயிரம் வோல்ட்டு. அமெரிக்காவில் இதைச் செய்து பலர் செத்திருக்கிறார்கள். அங்குள்ள மரக்கடைசல்காரர்களின் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடையே செய்துவிட்டது. இதையெல்லாம் படித்துத் தெளிந்து நான் விலகினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், எங்கள் பழைய மைக்ரோவேவை மனைவி அதற்கு முந்தின வாரமே பழைய பேப்பர்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கியிருந்தாள். அந்தப் பக்கெட்டில்தான் இப்போதும் குளிக்கிறேன்.

பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

2012-ஆம் வருஷம். கோவையில் கரண்ட் போகும் நேரத்தை எண்ணுவதைவிட, இருக்கும் நேரத்தை எண்ணுவது சுலபமாக இருந்த காலம். மத்தியாஸ் வாண்டெல் என்று கனடாவில் ஒருவர், மரத்தாலேயே பேண்ட் சா செய்து ஓட்டுகிறவர். அவர் வீடியோக்களை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக் கெட்டுப்போயிருந்தேன். அவர் படித்த பொறியாளர், அளந்து வரைந்து செய்கிறவர். எனக்கு அந்தப் பகுதிகளை ஓட்டிவிட்டுப் பார்க்கும் பழக்கம். நான் செய்தது மர அறுவை மேசை. மார்பிள் கட்டரைத் தலைகீழாக ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கி, பலகையில் கீறல் போட்டு, மரம் அறுக்கும் பல் பிளேடை இரண்டு விரல் உயரம் மேலே நீட்டிக்கொண்டு நிற்க வைத்தேன். மேலே மூடி கிடையாது. மூடி இருந்தால் அறுப்பது எப்படித் தெரியும்?

கட்டரின் சுவிட்சை யார் அடியில் குனிந்து பிடித்துக்கொண்டிருப்பது? ஒரு ரூபாய் கேபிள் டை வாங்கி, சுவிட்சை அமுக்கின நிலையிலேயே இறுக்கிக் கட்டினேன். வேண்டும்போது சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டுக்கொள்ளலாம். அந்த அமுக்குச் சுவிட்சுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கையில் பிடிக்கும் மின்சாரத் துளைப்பான் 1895-இல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஃபைன் பட்டறையில் பிறந்தது. அதற்குத் துப்பாக்கி மாதிரி பிடியும் விசையும் வைத்து பிளாக் அண்ட் டெக்கர்காரர்கள் காப்புரிமை வாங்கியது 1917-இல். விரல் இருந்தால் ஓடும், விரலை எடுத்தால் நின்றுவிடும். மயங்கி விழுந்தாலும், கை வெட்டுப்பட்டாலும், பயந்து ஓடினாலும் மெஷின் நின்றுவிடும். அத்தனை வருஷத்து யோசனையை நான் ஒரு ரூபாய் கேபிள் டையில் ரத்து செய்தேன். ஓட வைக்க யாராலும் முடியும். கம்பெனிக்காரன் நம்மிடம் வாங்கும் காசில் பாதி, அதை நிற்க வைப்பதற்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் பலகை அறுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பிளேடு மெதுவாகச் சுற்றி நின்றது. 'சரி, ரெண்டு மணி நேரமாகும்' என்று எழுந்து, தூசி விழக் கூடாதே என்று மேசைமேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, சாப்பிட்டுப் படுத்தேன். சுவரில் சுவிட்ச் போட்டபடி இருந்தது. அது என் ஞாபகத்தில் இல்லை. ஓடாத மெஷின் எனக்கு நிறுத்திய மெஷின்தான்.

வெயில் அந்த மேசைமேல் நன்றாக விழும். மனைவி இரண்டு முறத்தில் மிளகாய் காயப் போட எடுத்து வந்திருக்கிறாள். வேட்டி போர்த்திய மேசை. நடுவில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. இவர் வைத்த பலகைத் துண்டாக இருக்கும் என்று அதன்மேலேயே முதல் முறத்தை வைத்துவிட்டு, இரண்டாவதை எடுக்க உள்ளே திரும்பியிருக்கிறாள். பத்து எட்டு நடந்திருப்பாள். கரண்ட் வந்தது.

வேட்டி பிளேடில் சுருட்டிக்கொள்ள, முறம் எகிறிப் பந்தல் கால்மேல் மோத, மிளகாய் மொத்தமும் ஒரு கணத்தில் பொடியும் துண்டுமாகப் பறந்தது. நான் எழுந்து ஓடிவந்தபோது சத்தம் கேட்டது, கண் தெரியவில்லை. தும்மிக்கொண்டே தடவித் தடவிச் சுவிட்சை அணைத்தேன். தெருவில் நாலு வீட்டுக்குத் தும்மல். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் இரண்டாவது முறம், ஒரு மிளகாய்கூடச் சிந்தாமல். என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கை வெச்சுட்டு இருக்கறப்ப வந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. ஒறம்பரைக்கு அவள் சுவரைக் காட்டுவாள், இந்தக் கதையை மட்டும் சொல்லமாட்டாள்.

வெட்கம் என்னவென்றால், நான் விவசாயி மகன். எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் ரூமில் பச்சை பட்டனும் சிவப்பு பட்டனும் வைத்த ஸ்டார்ட்டர் இருந்தது. கரண்ட் போனால் 'டக்' என்று உள்ளே ஏதோ விழும். அது நோ வோல்ட் காயில். கரண்ட் திரும்ப வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது, ஆள் போய்ப் பச்சை பட்டனை அமுக்கினால்தான் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் அப்பா டார்ச்சோடு எழுந்து போவார். 'இதென்ன கேணத்தனமான மெஷினு, கரண்ட் வந்தா ஓட வேண்டியதுதானே' என்று போர்வைக்குள்ளிருந்து நினைத்திருக்கிறேன். மரம் அறுக்கும் கம்பெனி மேசைகளில் வரும் சுவிட்சும் அதே தத்துவம்தான். இருபத்தைந்து வருஷம் கழித்து, தானாக ஓடும் மெஷின் ஒன்றை நானே செய்து பார்த்தாகிவிட்டது.

மறுநாள் வங்கியில் பழைய லெட்ஜர் தாள் ஒன்றில் எழுதிப் பார்த்தேன். லேத்துக் கூலி 350. கல் இரண்டு 360. சிமெண்ட், மணல், பிறகு அதை உடைத்தெடுத்த ஆள் கூலி 500. கண் டாக்டர், மருந்து 800. விளக்குக் கழுத்தை நிமிர்த்தப் பாத்திரக்காரர் கேட்ட 200, அப்படியும் நிமிரவில்லை. மார்பிள் கட்டர் 1,900. மிளகாய் மூன்று கிலோ, முறம் ஒன்று. நாலாயிரத்தைத் தாண்டியது. வரவுப் பக்கம் தீட்டிய அரிவாள் ஒன்று, அரிவாள்மனை ஒன்று. பக்கத்து வீட்டம்மாவின் கத்தி கடைசிவரை தீட்டப்படவில்லை.

அந்த மாதச் சம்பளத்தில் டவுன்ஹால் பக்கம் போய் பெஞ்ச் கிரைண்டர் வாங்கினேன். ஐஎஸ்ஐ முத்திரை, மூன்று பின் பிளக், இரண்டு கல்லுக்கும் இரும்புக் கவசம், முன்னால் கண்ணாடி மறைப்பு. கண்ணுக்குத் தனியாகக் கண்ணாடியும் வாங்கினேன், அறுபது ரூபாய். எண்ணூறுக்குப் பதில் அறுபது. நாலு வருஷம் அது ஒரு வம்பும் பண்ணவில்லை. எனக்குத்தான் போரடித்தது.

இடது பக்கக் கல் தேய்ந்து புதுசு போட வேண்டி வந்தது. லேத்துக்கார அண்ணன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இடது கல்லுக்கு இடமரை, அதைக் கழற்ற வழக்கத்துக்கு மாறாகத் திருக வேண்டும். இந்த முறை ஏமாறப்போவதில்லை. மெஷினைப் பெஞ்சிலிருந்து இறக்கி, வெளிச்சத்துக்காக என் பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, இடது நட்டில் ஸ்பேனரைப் போட்டு மாறித் திருகினேன். அசையவில்லை. துருப்பிடித்திருக்கும் என்று ஸ்பேனரில் இரண்டடிப் பைப்பைச் சொருகி, காலை உதைத்துக்கொண்டு ஏறி அழுத்தினேன். 'கிறீச்' என்று ஒரு சத்தம்.

திருப்பி வைத்த மெஷினில், எனக்கு இடது அதற்கு வலது.

மரை வழித்துப்போன சாஃப்ட்டோடு மெஷினைத் தூக்கிக்கொண்டு கணபதிக்குப் போனேன். அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கல்லை எடுத்து, ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரி திருப்புளிக் கட்டையால் தட்டினார். நல்ல கல் 'ணங்' என்று மணி மாதிரி கேட்கும். இது 'டொக்' என்றது. ஒன்றும் சொல்லாமல் குப்பைத் தொட்டியில் போட்டார். சாஃப்ட்டை விரலால் தடவினார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் சுத்துதுங்க சார்?"

"மேலயே அம்புக்குறி போட்டிருக்குதுங்கண்ணா."

குனிந்து பார்த்தார். மெஷின் உடம்பில் வார்ப்பிலேயே பெரிதாக இருந்தது அம்பு.

"ஆமாங்க, போட்டிருக்குதுங்க" என்றார்.